காவல் யாருக்கு? சுவருக்கா, மாணவருக்கா?

(பல்கலைக்கழக மாணவர்கள் கூடிய அரங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வளாகத்தில் மாணவர்களின் பாதுகாப்பு, அதில் காவலர்களின் பங்கு என்ற தலைப்பில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் நம் எல்லோருக்கும் ஒரே காட்சிதான் மனதில் வரும். பெரிய இரும்புக் கேட், சீருடை போட்ட செக்யூரிட்டி, மேசை மேல் ஒரு பதிவேடு, கம்பத்தின் உச்சியில் ஒரு கேமரா. ஏதாவது ஒரு வளாகத்தில் விபரீதம் நடந்த மறுநாள் நிர்வாகம் சொல்வதும் இதைத்தான்: காவலர்களைக் கூட்டுகிறோம், கேமராவைக் கூட்டுகிறோம், சுவரை உயர்த்துகிறோம். ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் நம் அச்சம் குறையவில்லை. ஏன் குறையவில்லை என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. முப்பது வயதைத் தாண்டிவிட்டேன். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியிலிருந்து வந்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக் கேட்டைத் தாண்டிய முதல் ஆள். இளங்கலை தொடங்கி இன்றுவரை மூன்று நிறுவனங்களின் விடுதிகளில் பத்தாண்டுக்கு மேல் இருந்துவிட்டேன். அதனால் செக்யூரிட்டி என்றால் என்ன என்பதை, அவர்களைத் தாண்டித் தாண்டியே தெரிந்துகொண்டவள்.

வரலாறு படிப்பவள் என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். மராட்டிய கிராமங்களில் ஊர் வாசலைக் காப்பது, எல்லையைப் பார்த்துக்கொள்வது, திருடனின் தடம் பிடிப்பது, அரசாங்கச் செய்தியைச் சுமந்துகொண்டு ஓடுவது எல்லாம் மகர் சாதியினரின் பரம்பரை வேலை. அதற்கு ‘வதன்’ என்று பெயர். கைக்கொள்ளும் அளவுக்குக் கொஞ்சம் நிலமும், ஊரார் கொடுக்கும் தானியமும்தான் கூலி. இரவா பகலா என்ற கணக்கு கிடையாது. கூப்பிட்டால் ஓட வேண்டும். 1928ஆம் ஆண்டு பம்பாய் சட்டசபையில் பாபாசாகேப் அம்பேத்கர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1874ஆம் ஆண்டின் பரம்பரைப் பதவிகள் சட்டத்தைத் திருத்தி, மகர்களை இந்தக் கட்டாய ஊழியத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அது அவ்வளவு எளிதில் நடக்கவில்லை. பம்பாயில் இந்த முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1958இல்தான்.

இதை ஏன் சொல்கிறேன்? ஊர் வாசலில் காவல் நின்ற மகர், அந்த ஊருக்குள் குடியிருக்க முடியாது. அவருடைய குடிசை ஊருக்கு வெளியே. அவர் காத்த கிணற்றில் அவர் தண்ணீர் எடுக்க முடியாது. நம் பக்கத்திலும் இதே கதைதான். வயற்காவலும் களத்துக் காவலும் நீர் பாய்ச்சுவதும் சேரியின் வேலை. நெல்லைக் காத்தவர் வீட்டில் நெல் இருக்காது. காவல் என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் இப்படி ஒரு பொருள் நெடுங்காலமாக இருந்திருக்கிறது: காப்பவர் ஒருவர், காக்கப்படுபவர் வேறொருவர். எதைக் காக்க வேண்டும், யாரை உள்ளே விட வேண்டும் என்று முடிவு செய்பவர் மூன்றாவது ஆள். பல்கலைக்கழகக் கேட்டில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று பேரும் நினைவுக்கு வருகிறார்கள்.

முதலில் அந்தக் கேட்டில் நிற்பவரைப் பற்றிப் பேசுவோம். ஏனென்றால் நம் கோபமெல்லாம் அவர்மேல்தான் திரும்புகிறது. முன்பெல்லாம் பல்கலைக்கழகங்களில் வாட்ச்மேன் என்பது நிரந்தரப் பணியிடம். கடைநிலைப் பணி என்றாலும் அதில் இட ஒதுக்கீடு உண்டு, ஓய்வூதியம் உண்டு. அந்த ஒரு வேலையை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் நம் தெருக்களில் இருக்கின்றன. பிறகு அந்தப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் விடப்பட்டன. தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விடப்பட்டது. ஒப்பந்த வேலைக்கு இட ஒதுக்கீடு இல்லை. வேலை செய்பவர்கள் மட்டும் பெரும்பாலும் அதே மக்கள்தான். இட ஒதுக்கீடு இருந்தபோது உரிமையோடு வந்த இடத்துக்கு, இப்போது உரிமை இல்லாமல் வருகிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஷிப்ட் மாற்ற ஆள் வரவில்லை என்றால் இருபத்து நான்கு மணி நேரம். உட்கார நாற்காலி இருக்காது. கழிப்பறைக்குப் போனால் அந்த நேரத்தில் கேட்டில் ஆள் இல்லை என்று மெமோ.

என் விடுதிக் கேட்டில் அறுபதை நெருங்கிய ஒரு அண்ணன் இரவு ஷிப்ட் பார்த்தார். ஒருநாள் அவரிடம் கேட்டேன், “அண்ணா, உங்களுக்கு வேலைன்னு என்ன சொல்லியிருக்காங்க?” அவர் சொன்னார்: “ரெண்டே விஷயம்தாம்மா. கேட்டு பூட்டியிருக்கணும், ரிஜிஸ்டர் எழுதியிருக்கணும். உள்ள யாருக்கு என்ன ஆச்சுன்னு எங்கள யாரும் கேக்க மாட்டாங்க. பேப்பர்ல வந்தா மட்டும் கேப்பாங்க.” பல்கலைக்கழகப் பாதுகாப்பு பற்றி நான் படித்த எந்த ஆவணமும் இவ்வளவு தெளிவாக விஷயத்தைச் சொன்னதில்லை.

இதே அண்ணனுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓரிரவு ஒன்றரை மணிக்கு எங்கள் தளத்தில் ஒரு தங்கைக்கு மூச்சுத்திணறல். இன்ஹேலர் தீர்ந்துவிட்டது. வார்டனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. விதிப்படி வார்டன் கையெழுத்து இல்லாமல் இரவில் கேட் திறக்கக் கூடாது. அந்த அண்ணன் கேட்டைத் திறந்தார். தனக்குத் தெரிந்த ஆட்டோக்காரரை எழுப்பி வரவழைத்தார். நாங்கள் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தத் தங்கை பிழைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் அந்த அண்ணனைக் காணவில்லை. கேட்டால், “சைட் மாத்திட்டாங்க” என்றார்கள். பதிவேட்டில் கையெழுத்து இல்லாமல் கேட் திறந்தது அவர் செய்த குற்றம். நாங்கள் பத்துப் பேர் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. ஓர் உயிரைக் காப்பாற்றிய காவலரைத் தண்டிக்கிற ஒரு முறைக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அப்படியென்றால் இந்த முறை எதைக் காக்கிறது? நிறுவனத்தின் சொத்தை, நிறுவனத்தின் பெயரை, நிர்வாகத்தின் உத்தரவை. மாணவரே நிர்வாகத்தை எதிர்த்து நின்றால், மாணவரிடமிருந்து நிறுவனத்தைக் காக்கிறது. நாம் மறக்க முடியாத உதாரணம் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம். ரோஹித் வெமுலா உட்பட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? வகுப்புக்குப் போகலாம், நூலகத்துக்குப் போகலாம். ஆனால் விடுதிக்குள் இருக்கக் கூடாது, நிர்வாகக் கட்டடத்துக்குள் போகக் கூடாது, பொது இடங்களில் கூட்டாக நிற்கக் கூடாது. இதை நம் ஊர் மொழியில் சொன்னால் ஊர்விலக்கு. 2016 ஜனவரியில் அவர்கள் படுக்கையையும் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வளாகத்தின் கடைப்பகுதியில் கூடாரம் போட்டார்கள். அதற்கு ‘வெளிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அதன் பொருள் சேரி. அவர்கள் பெயரைச் சரியாகத்தான் வைத்தார்கள். ஜனவரி 17ஆம் தேதி ரோஹித்தை இழந்தோம்.

இரண்டு மாதம் கழித்து, மார்ச் 22ஆம் தேதி, விடுப்பில் போயிருந்த துணைவேந்தர் பணிக்குத் திரும்பினார். எதிர்த்த மாணவர்கள் மீது தடியடி. மாணவர்களையும் இரண்டு ஆசிரியர்களையும் கைது செய்து கொண்டுபோனார்கள். மெஸ் மூடப்பட்டது. தண்ணீரும் இணையமும் நின்றன. வெளியாட்கள், பத்திரிகையாளர்கள் வராதபடி முதன்மைக் கேட் அடைக்கப்பட்டது. அன்று அந்த வளாகத்தில் ‘பாதுகாப்பு’க்குக் குறைவே இல்லை. வேண்டிய அளவு சீருடைகள் இருந்தன. மாணவர்களுக்குச் சோறும் தண்ணீரும்தான் இல்லை.

அடுத்து, அனுமதி என்ற விஷயம். வளாகத்துக்குள் காவல்துறை நுழைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது நல்ல மரபு. மாணவர் போராட்டங்கள் வழியாக நிலைபெற்ற மரபு. ஆனால் அந்த மரபு எப்போது நினைவுக்கு வருகிறது, எப்போது மறந்துபோகிறது என்று பாருங்கள்.

2008 நவம்பர் 12, சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. தேவர் ஜெயந்தியையொட்டி அடிக்கப்பட்ட சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயரை விட்டுவிட்டார்கள். அங்கிருந்து மூண்ட பகை, அன்று கேட்டுக்குள் கொலைவெறித் தாக்குதலாக முடிந்தது. தாக்கியவர்களில் தலித் மாணவர்கள் இருந்தார்கள். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. கீழே விழுந்தவரை அடிப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. நான் சொல்ல வருவது கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களைப் பற்றி. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது: காவல்துறையினர் கேட்டருகே நின்று வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே போக அனுமதி இல்லை என்று காரணம் சொன்னார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. கடைசியில் நடந்தது என்ன? உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்த சட்டக் கல்லூரியை, மாணவர்களின் எதிர்ப்பையும் மீறி, ஊருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரித்து அனுப்பினார்கள். நோய் சாதி. மருந்து இடமாற்றம். காலையில் வகுப்பு, மாலையில் பாரிமுனையில் வேலை என்று படித்த ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் அந்த மருந்தின் கசப்பு தெரியும்.

இப்போது டெல்லிக்கு வாருங்கள். 2019 டிசம்பர் 15 மாலை, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்த போராட்டத்தின்போது, ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்துக்குள் டெல்லி காவல்துறை புகுந்தது. அனுமதி கேட்கவில்லை என்று பல்கலைக்கழகமே சொன்னது. நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் மீது தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை பாய்ந்தது. மூன்றே வாரம் கழித்து, 2020 ஜனவரி 5 மாலை, ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முகமூடிக் கும்பல் ஒன்று இரும்புத் தடிகளோடு சபர்மதி விடுதிக்குள் புகுந்து அடித்தது. மாணவர் சங்கத் தலைவரின் மண்டை உடைந்தது. பேராசிரியர் ஒருவருக்கும் தலையில் அடி. எப்போதும் மாணவரிடம் அடையாள அட்டை கேட்கும் வளாகத்தில், தடியோடு போனவர்களிடம் யாரும் அட்டை கேட்கவில்லை. காவல்துறை கேட்டுக்கு வெளியே நின்றது. இங்கே மட்டும் அனுமதிக்குக் காத்திருந்தது. ஒரே நகரம், ஒரே காவல்துறை, மூன்று வார இடைவெளி. நூலகத்துக்குள் நுழைய அனுமதி தேவைப்படவில்லை, கும்பலைத் தடுக்க அனுமதி தேவைப்பட்டது. சட்டம் மாறவில்லை, உள்ளே அடிபடுபவர் யார் என்பதுதான் மாறியது.

பெண் மாணவர்களைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அதிகமாகப் பூட்டப்படுவது நாங்கள்தான். 2017 செப்டம்பர் 21 மாலை, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவியிடம் பைக்கில் வந்தவர்கள் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார்கள். அவர் கூச்சலிட்டும் அருகே இருந்த காவலர்கள் வரவில்லை என்று மாணவிகள் குற்றம் சாட்டினார்கள். அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய் என்று அவரையே கேட்டிருக்கிறார்கள். நியாயம் கேட்டு மாணவிகள் கேட் முன்னால் உட்கார்ந்தார்கள். 23ஆம் தேதி இரவு அவர்கள் மீது தடியடி. கூச்சலுக்கு வராத காவல், கோஷத்துக்கு வந்தது.

நம் சென்னைக்கு வருவோம். 2024 டிசம்பர் 23 இரவு, அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி வளாகத்தின் அருகே பிரியாணிக் கடை நடத்தியவர். அந்த மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அந்தப் புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவருடைய அடையாளத்தோடு, காவல்துறை இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி வெளியானது. அதில் எழுதப்பட்டிருந்த மொழியோ அவரையே குற்றவாளி ஆக்கும் மொழி. சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூன் 2ஆம் தேதி மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு, குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்தே மாதத்தில் கிடைத்த தீர்ப்பு. அதற்குக் காரணம் கேமராவோ சுவரோ அல்ல என்பதை நான் அடித்துச் சொல்வேன். புகார் கொடுக்கும் துணிவு ஒரு மாணவிக்கு இருந்தது, அந்தத் துணிவின் பின்னால் மாணவர்களும் இயக்கங்களும் நீதிமன்றமும் நின்றன. அதுதான் காரணம்.

ஆனால் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் வருவது என்ன? பெண்கள் விடுதியின் நேரத்தைக் குறைப்பது. என் சொந்த அனுபவம்: ஒரு நிறுவனத்தில் நூலகம் நள்ளிரவுவரை திறந்திருக்கும். பெண்கள் விடுதிக் கேட் எட்டரைக்கு மூடும். அந்த நூலகம் எனக்குக் காகிதத்தில்தான் திறந்திருந்தது. ஆவணக்காப்பகம் போய்த் திரும்ப ரயில் தாமதமானால், மறுநாள் வீட்டுக்குப் போன் போகும். எங்கள் வீட்டில் என் அம்மா கூலி வேலைக்குப் போயிருப்பார். பக்கத்து வீட்டுப் போனில் செய்தி போகும், “உங்க பொண்ணு ராத்திரி லேட்டா வந்திருக்கு” என்று. நகரத்து வீட்டுப் பெண்ணுக்கு அது ஒரு எரிச்சல். காலனியிலிருந்து வந்த பெண்ணுக்கு அத்தோடு படிப்பு முடிந்துபோகலாம். படிப்பை நிறுத்து, கல்யாணத்தைப் பண்ணு என்று சொல்லக் காத்திருக்கும் ஊருக்கு அந்த ஒரு போன் போதும்.

பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த ‘சக்ஷம்’ குழு 2013லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் தனி விதி போடக் கூடாது, கண்காணிப்பையும் கட்டுப்பாட்டையும் பாதுகாப்பு என்று சொல்லக் கூடாது. அதே மானியக் குழுதான் 2015இல் இன்னொரு வழிகாட்டுதலை அனுப்பியது. அதில் முள்கம்பி போட்ட உயர்ந்த மதில், விடுதியில் பயோமெட்ரிக் வருகைப்பதிவு, வளாகத்துக்குள் காவல் நிலையம். எந்தத் தாளை நம் நிர்வாகங்கள் எடுத்துக்கொண்டன, எந்தத் தாளைப் பரணில் போட்டன என்று உங்களுக்கே தெரியும்.

மதில் எழுப்புவதில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. ஆபத்து எப்போதும் வெளியே இருந்துதான் வரும் என்ற நம்பிக்கை அது. 2024 ஆகஸ்ட் 9, கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி. பணியில் இருந்த பயிற்சி மருத்துவரைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர், காவல்துறைக்கு உதவியாக இருந்த தன்னார்வலர். அவருக்கு அந்த வளாகத்தில் தடையே இல்லை. அதே நகரத்தில் 2025 ஜூன் 25, கஸ்பா பகுதிச் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர், கல்லூரிக் காவலாளியின் அறையில் வைத்துத் தன்னைக் கூட்டு வன்கொடுமை செய்ததாகப் புகார் கொடுத்தார். கைதானவர்களில் அக்கல்லூரியின் பழைய மாணவர் இருந்தார், படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் இருந்தார்கள், காவலாளியும் இருந்தார். எந்த மதில் இதைத் தடுத்திருக்கும்?

தலித், பழங்குடி மாணவர்களுக்கு இது இன்னும் உண்மை. பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007இல் டெல்லி எய்ம்ஸ் பற்றி அறிக்கை கொடுத்தது. விடுதியில் தொல்லை தாங்காமல் தலித், பழங்குடி மாணவர்கள் மேல்தளங்களில் ஒன்றாக ஒதுங்க நேர்ந்ததை அது பதிவு செய்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரிக்குள், மொட்டைமாடிக்குக் கீழே ஒரு சேரி. கேட்டில் காவல் இருந்தது. ஆனால் அறைக் கதவில் சாதியை எழுதியவனிடம் அடையாள அட்டை இருந்தது. அவன் உள்ளே இருப்பவன். 2019 மே 22ஆம் தேதி மும்பையில் இழந்தோமே, பழங்குடி மருத்துவர் பாயல் தாட்வி, அவரை வாட்டியவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் கூடவே பணியாற்றிய மூத்த மருத்துவர்கள். நெறியாளர் அறையில் பேசப்படும் சொல்லை எந்தக் கேமராவும் பிடிக்காது. உதவித்தொகைத் தாளில் போடாமல் இழுத்தடிக்கும் கையெழுத்தை எந்தச் செக்யூரிட்டியும் தடுக்க முடியாது. நம் பிள்ளைகளைக் கொன்றது பெரும்பாலும் இவைதான். பாதுகாப்புக்கென்று ஒதுக்கும் பணத்தில் இதற்கு எவ்வளவு போகிறது? 2012இல் மானியக் குழு கொண்டுவந்த சமத்துவ விதிமுறைகள், சம வாய்ப்புப் பிரிவையும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரையும் கட்டாயமாக்கின. நடைமுறையில் அவை பெயருக்கே இருந்தன. ரோஹித்தின் தாயும் பாயலின் தாயும் 2019இல் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது.

“அப்படியானால் செக்யூரிட்டியே வேண்டாம் என்கிறீர்களா?” என்று ஒருவர் கேட்கலாம். இல்லை, தோழரே. எனக்கு வேண்டும். இரவு பதினொரு மணிக்கு ஆய்வை முடித்து நடந்து வரும் எனக்கு, வழியில் ஒரு விளக்கும் விளக்கடியில் ஒரு ஆளும் கட்டாயம் வேண்டும். ஓர் ஆபத்தில் வார்டனுக்கும் பதிவாளருக்கும் முன்னால் என்னிடம் வந்து சேரக்கூடியவர் அந்தக் காவலர்தான். அதனால்தான் அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று கேட்கிறேன். பூட்டுக்கும் பதிவேட்டுக்கும் மட்டும் பதில் சொல்பவராக அவரை வைத்திருக்கும்வரை, ஆயிரம் பேரை நிறுத்தினாலும் நாம் பாதுகாப்பாக இருக்கப் போவதில்லை.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று, காவலர்களுக்குக் கொடுக்கப்படும் பணி உத்தரவு எல்லோரும் படிக்கும்படி கேட்டிலேயே ஒட்டப்பட வேண்டும். அதன் முதல் வரி உயிரைக் காப்பது பற்றி இருக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் கேட் திறந்த காவலர் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எழுத்தில் வேண்டும்.

இரண்டு, காவலர் பணியை மீண்டும் நிரந்தரப் பணியாக்க வேண்டும், இட ஒதுக்கீட்டோடு. எட்டு மணி நேர ஷிப்ட், உட்கார இடம், கழிப்பறை, போதுமான பெண் காவலர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் அவர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தரப்பட வேண்டும்.

மூன்று, பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் இருக்க வேண்டும். அதில் தலித், பழங்குடி மாணவர்களும் மாணவிகளும் உறுதியாக இருக்க வேண்டும். காவலர்களின் பிரதிநிதியும் இருக்க வேண்டும். அந்த மூத்த அண்ணன் அந்தக் குழுவில் இருந்திருந்தால் எங்கள் விடுதி விதி எப்போதோ மாறியிருக்கும்.

நான்கு, காவல்துறை வளாகத்துக்குள் வந்தாலும் சரி, வராமல் நின்றாலும் சரி, யார் அழைத்தது, எத்தனை மணிக்கு, என்ன காரணம் என்று எழுதி மறுநாளே வெளியிட வேண்டும்.

ஐந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் விடுதி நேரம் ஒன்றே. பூட்டுவதற்குப் பதில் விளக்குப் போடுங்கள், இரவில் வளாகப் பேருந்து விடுங்கள்.

ஆறு, எந்த ஒழுங்கு நடவடிக்கையிலும் மாணவரின் தங்குமிடத்தையும் சோற்றையும் உதவித்தொகையையும் பறிக்கக் கூடாது. சம வாய்ப்புப் பிரிவுக்கு விசாரிக்கும் அதிகாரமும் கால வரம்பும் வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயரைக் கசியவிடுபவர் தண்டிக்கப்பட வேண்டும்.

இவை பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. சிலவற்றுக்குப் பணம் வேண்டும். மதிலுக்கும் கேமராவுக்கும் கிடைக்கும் பணம் இதற்கும் கிடைக்கும். சிலவற்றுக்குப் பணமே வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை கேட்டில் நம்மை நிறுத்தும்போது, நிறுத்தும் அந்த மனிதரோடு சண்டை போட்டு நம் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டாம். அவர் பெயரைக் கேளுங்கள். ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்று கேளுங்கள். நம்மில் பலருடைய அப்பா, சித்தப்பா இன்றிரவு வேறு ஏதோ ஒரு கேட்டில் நின்றுகொண்டிருப்பார்கள். பிள்ளை ஒரு வளாகத்துக்குள்ளே, அப்பா இன்னொரு வளாகத்தின் வாசலிலே. இருவரும் இரவு பத்திரமாக இருக்க வேண்டும். மாணவர் சங்கமும் காவலர்களின் தொழிற்சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த ஆறு கோரிக்கைகளையும் கையெழுத்திட்டுக் கொடுக்கிற நாளில், பதிவாளர் நமக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்த வேலையை இந்த அரங்கிலிருந்தே தொடங்குவோம்.